பொட்டுக்குக் கீழே தொண்ணூற்றெட்டு

தை மாத வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலை. பெரம்பலூரில் என் ஜெராக்ஸ் கடையில் ஒரு பெரியவரின் ஆதார் அட்டையை முன்னும் பின்னும் திருப்பி நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. குன்னம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து பேசினார்கள்.

பேசியவர் பிரபு. அந்தப் பள்ளித் தாளாளரின் மகன். சென்னையில் என்ஜினியராக இருந்தவர், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் வந்து பள்ளியைப் பார்த்துக்கொள்கிறார்.

"மேடம், எங்க ஸ்கூல் பெல் மெஷினை நீங்கதான் செட் பண்ணீங்களாமே?"

"ஆமா தம்பி. ஏன், அடிக்கலையா?"

"அதெல்லாம் நல்லா அடிக்குதுங்க. கிழமைகூட கரெக்டா இருக்கு. ஆனா வருஷம் மட்டும் தொண்ணூத்தெட்டுன்னு காட்டுது."

அந்த எண் யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதானே அத்தனை ஏற்பாடும் செய்திருந்தேன்!

"அது எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"பொங்கல் லீவுல ஒட்டடை அடிச்சோம். மெஷின் மேல சந்தனமும் குங்குமமும் அடை மாதிரி அப்பிக் கெடந்துச்சு. ஈரத்துணியால தொடச்சேன்."

"அய்யய்யோ, பொட்டை அழிச்சிட்டீங்களா?"

"மேடம், நீங்க கம்ப்யூட்டர் மிஸ்ஸுன்னு சொன்னாங்களே" என்றார் பிரபு.

கம்ப்யூட்டர் மிஸ் நான்தான். அந்தப் பொட்டை முதன்முதலில் வைத்தவளும் நான்தான். பக்தியால் வைக்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன், நான் எப்படி நிபுணர் ஆனேன் என்று சொல்ல வேண்டும்.

திருச்சிக்குப் போய்த் திரும்பிய நிபுணர்

இரண்டாயிரம் பிறக்கப் போகிறது என்று உலகமே நடுங்கிக்கொண்டிருந்த சமயம். நான் பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மொத்தம் இரண்டு கம்ப்யூட்டர். இரண்டுக்கும் பூப்போட்ட துணி உறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். செருப்போடு வைரஸ் வந்துவிடும் என்று ஒரு மாணவன் நம்பினான். நான் அவனைத் திருத்தவில்லை. எனக்கும் அப்போது அவ்வளவு உறுதியாகத் தெரியாது.

திருச்சியில் ஒரு பயிற்சி வகுப்பு என்றார்கள். போனேன். மதிய சாப்பாடு நன்றாக இருந்தது. வகுப்பில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். பழைய மெஷின்கள் வருஷத்தை இரண்டு இலக்கத்தில் வைத்திருக்கின்றன. 99 முடிந்ததும் 00 வரும். அந்த 00 இரண்டாயிரமா, ஆயிரத்துத் தொள்ளாயிரமா என்று மெஷினுக்குத் தெரியாது. பாவம், அது தொள்ளாயிரம் என்றே எடுத்துக்கொள்ளும்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே என் நடை மாறிவிட்டது. வகுப்பில் அந்தக் கால புரோகிராமர்களை வறுத்தெடுப்பேன். "ரெண்டு எழுத்து மிச்சம் பிடிக்கறதுக்காக உலகத்தையே அடமானம் வச்சிட்டானுங்க. கேட்டா, இந்த புரோகிராம் ரெண்டாயிரம் வரைக்கும் எங்கே இருக்கப் போகுதுன்னு நெனச்சோம்கிறான். என்ன அலட்சியம்!" மேஜையைத் தட்டுவேன். பூப்போட்ட உறை அதிரும்.

யோசித்துப் பார்த்தால் நம்மவர்கள் இதையெல்லாம் எப்போதோ செய்துவிட்டார்கள். பிரபவ, விபவ என்று அறுபது பெயர். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. விக்கிரம வருஷம் ஆனி மாதம் கிணறு வெட்டினோம் என்று ஒருவர் சொன்னால், எந்த விக்கிரம என்று அவர் வயதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நூற்றாண்டைக் குறிக்காமல் விடுவதில் நாம்தான் மூத்தவர்கள். ஆனால் இது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அதையும் சொல்லி மேஜையைத் தட்டியிருப்பேன்.

கிரைண்டருக்கு ஆபத்து உண்டா?

என் பெயர் பரவியது. கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். கிரைண்டர் ஓடுமா? கைக்கடிகாரம் நிற்குமா? பருத்தி வியாபாரி ஒருவர் தன் கால்குலேட்டரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். வைத்தியரிடம் குழந்தையைக் காட்டுவது போலவே காட்டினார். நான் நாலு பொத்தானை அழுத்திப் பார்த்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "தேதி காட்டாத பொருளுக்குப் பயமில்லை" என்றேன். அது சரியான பதில்தான். ஆனால் அதைச் சொன்ன தோரணை இருக்கிறதே, இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அரியலூரில் என் சின்னம்மா போன் செய்து, "ஏன்டி, ஃபிரிட்ஜை என்ன பண்றது?" என்றார். எதற்கும் இருக்கட்டுமே என்று, "புதுவருஷத்தன்னிக்கு முழுக்க ஆஃப் பண்ணி வச்சிருங்க" என்று சொல்லிவிட்டேன். விருந்துக்கு வாங்கி வைத்த பால் மொத்தமும் திரிந்துபோனது. அந்த வீட்டில் இன்றைக்கும் எனக்குக் காபி கொடுக்கும்போது, "பால் நல்லாருக்கா பாரு, நீதான் எக்ஸ்பெர்ட்டு" என்பார்கள்.

சித்தப்பா மகள் கல்யாணக் கதை இதைவிட மோசம். கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலில் கல்யாணம். வீடியோக்காரரின் கேமராவில் தேதி குழம்பியிருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். முன்னால் போய் நின்று சரிசெய்து கொடுத்தேன். கேசட்டில் தாலி கட்டும் காட்சிக்குக் கீழே பளிச்சென்று 72 என்று ஓடுகிறது. அந்த வருஷத்தில் மணப்பெண்ணின் அம்மாவே பாவாடை கட்டிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்.

ஏன் 72? அங்கேதான் பெல் மெஷின் வருகிறது.

ஆளில்லாத பள்ளியில் முதல் பீரியட்

குன்னம் பக்கத்துப் பள்ளியில் அதுவரை மணி என்பது வேப்ப மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அதை அடிக்கத் தனம் என்று ஒரு பெண் இருந்தாள். அப்போது அவளுக்கு இருபது வயதுகூட முடியவில்லை. பிரபுவின் அப்பா புதுமை விரும்பி. தானாக அடிக்கும் மெஷின் ஒன்றை வரவழைத்துச் சுவரில் மாட்டினார். திங்கள் முதல் வெள்ளிவரை பீரியடுக்குப் பீரியட் அடிக்கும், சனி ஞாயிறு வாயைத் திறக்காது. தேதியை வைத்து அதுவே கிழமையைக் கண்டுபிடித்துக்கொள்ளும். சிவப்பு எண்களில் மணி, நாள், மாதம், வருஷம் எல்லாம் மினுங்கும். வருஷத்துக்கு இரண்டே இலக்கம்.

இரண்டாயிரத்தின் முதல் நாள் சனிக்கிழமை. காலையில் தாளாளர் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். ஆளில்லாத பள்ளியில் மெஷின் பிரேயருக்கு அடித்தது. பிறகு முதல் பீரியடுக்கு அடித்தது. மைதானத்தில் படுத்திருந்த நாய்கள் எழுந்து வாசலைப் பார்த்து நின்றன. 1900 ஜனவரி முதல் தேதி திங்கட்கிழமையாம். மெஷின் அந்தத் திங்கட்கிழமையை விடாப்பிடியாக நடத்திக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது, நாளைக்கு ஞாயித்துக்கெழமையும் அடிக்குமா?" என்றார் தாளாளர்.

எனக்குள் ஒரே கொண்டாட்டம். ஊரில் வேறு எதுவுமே கெடவில்லை. கிரைண்டர் ஓடியது, பஸ் ஓடியது, பருத்தி வியாபாரியின் கால்குலேட்டர் கூட்டிக் கழித்தது. என் மானத்தைக் காப்பாற்ற இந்த ஒரு மெஷின்தான் கெட்டிருந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

திருச்சி வகுப்பில் ஒரு குறுக்கு வழி சொல்லியிருந்தார்கள். இருபத்தெட்டு வருஷத்துக்கு ஒருமுறை தேதியும் கிழமையும் அச்சாக அப்படியே திரும்பி வரும். இரண்டாயிரத்தின் காலண்டரும் எழுபத்திரண்டின் காலண்டரும் ஒன்றுதான். மெஷினை 72 என்று நம்பவைத்துவிட்டால் போதும். சனி சனியாகவே இருக்கும். அந்தக் கேமராவிலும் பிறகு இதைத்தான் செய்தேன். படத்தின் அடியில் அச்சாகும் என்பதை மறந்துவிட்டேன்.

மெஷின் வாயை மூடியது. தாளாளர் எட்டிப் பார்த்தார். "அது சரி, எழுபத்திரெண்டுன்னு காட்டுதே. பேரண்ட்ஸ் பார்த்தா என்னம்மா நெனப்பாங்க?"

சுற்றும்முற்றும் பார்த்தேன். ஆபீஸ் அறைச் சாமி படத்துக்கு முன்னால் சந்தனக் கிண்ணம் இருந்தது. "புது வருஷமாச்சே சார், ஒரு பொட்டு வச்சிருவோம்" என்று, விரலில் தாராளமாக எடுத்துச் சரியாக அந்த இரண்டு இலக்கத்தின் மேல் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். அன்று தொடங்கியது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, அதே இடத்தில், போன வருஷப் பொட்டின் மேல் இந்த வருஷப் பொட்டு. யாரும் காரணம் கேட்கவில்லை.

கிளம்பும்போது தாளாளர், "திரும்ப இந்த மாதிரி ஆவாதே?" என்றார்.

ஏதாவது ஆனால் பழி என் மேல் வருமே என்ற பயத்தில், "சொல்ல முடியாது சார். எதுக்கும் ஸ்டாண்ட்பையா ஒரு ஆள் இருக்கணும். மெஷின் அடிக்கலைன்னா அவங்க அடிக்கணும். நிமிஷப் பொத்தானைத் தவிர வேற எதையும் யாரும் தொடக்கூடாது" என்றேன்.

இருபத்தெட்டு வருஷம் கழித்து மெஷின் மறுபடி 99-ஐத் தாண்டும், மறுபடி தொள்ளாயிரத்துக்குப் போகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன்: அதுவரைக்கும் இந்த மெஷின் எங்கே இருக்கப் போகிறது?

ஆமாம். யாரை வறுத்தெடுத்தேனோ, அவர்கள் சொன்ன அதே வார்த்தை.

வேப்ப மரத்தடியில் தனம்

என் வாயிலிருந்து பயத்தில் உதிர்ந்த அந்த ஸ்டாண்ட்பை என்ற சொல், தனத்தின் வேலையாக ஆகிவிட்டது. மெஷின் வந்ததும் அவளை நிறுத்திவிடுவதாக இருந்தார்களாம். அது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். ஒவ்வொரு பீரியட் முடியும்போதும் அவள் சுத்தியலோடு வேப்ப மரத்தடியில் வந்து நிற்பாள். மெஷின் அடித்துவிட்டால் திரும்பிப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பாள், வகுப்பறை பெருக்குவாள். மின்வெட்டு கடுமையாக இருந்த வருஷங்களில் மெஷினைவிட அவள் அடித்ததுதான் அதிகம்.

பேட்டரி மாற்ற எப்போதாவது நான் போவேன். மறுபடி பொட்டு வைத்துவிட்டுத்தான் திரும்புவேன். தனம் எனக்குக் காம்பு கிள்ளிய கத்தரிக்காயோ, ஒரு பை சின்ன வெங்காயமோ கொண்டுவந்து கொடுப்பாள். "மிஸ்ஸு சொன்னதாலதான் இருக்கேன்" என்பாள். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டி வெங்காயத்தை வாங்கிக்கொள்வேன்.

அவள் கணவர் இறந்து சில வருஷம் ஆகிறது. ஒரே மகள் அதே பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளியில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே பீஸ் கிடையாது. தனத்துக்கு வேலை இருக்கும்வரைதான் அந்தச் சலுகை.

பிரபுவின் போன் வந்த மறுநாள் நான் குன்னம் பஸ் ஏறினேன். பள்ளி வாசலிலேயே தனம் காத்திருந்தாள். முகம் வாடியிருந்தது.

"மிஸ், சின்ன சாரு புது மெஷின் வாங்கப் போறாராம். போன்லயே மணி அடிக்கலாமாம். ஸ்டாண்டுபை எல்லாம் வேணாங்கறாரு." குரல் இறங்கியது. "வர்ற மாசத்தோட நிறுத்திட்டா பாப்பா படிப்பு என்னாவுறது? நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு மிஸ். அன்னிக்கும் நீங்கதானே சொன்னீங்க."

அன்றைக்கு நான் இவளை நினைத்துச் சொல்லவே இல்லை. அதை எப்படிச் சொல்வது? "பாக்கறேன் தனம்" என்று உள்ளே போனேன்.

இப்படியும் போகும், அப்படியும் போகும்

பிரபு நல்ல பிள்ளை. டீ வரவழைத்தார். 72, இருபத்தெட்டு வருஷம், பொட்டு என்று கதை முழுவதையும் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பஸ்ஸில் நான் நினைத்துக்கொண்டதையும் மறைக்காமல் சொன்னேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார். சிரித்து முடித்து, நேராகக் கேட்டார்.

"சரிங்க மேடம். இந்தப் பழைய மெஷின் இனிமே நல்லா ஓடுமா, கெட்டுப் போகுமா? நல்லா ஓடும்னா இதையே வச்சுக்கலாம், ஸ்டாண்ட்பை ஆள் தேவையில்ல. கெட்டுப் போகும்னா புதுசு வாங்கிடலாம், அப்பவும் ஆள் தேவையில்ல."

என் வாழ்நாளில் முதல்முறையாக என்னிடம் ஒரு நிஜமான எச்சரிக்கை இருந்தது. அடுத்த வருஷக் கடைசியில் இந்த மெஷின் உறுதியாகக் கிறுக்குப் பிடித்து அலையும். தேதி சொல்லி அடிக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் மெஷினோடு தனமும் போவாள். சொல்லாவிட்டாலும் போவாள். ஜன்னலுக்கு வெளியே அவள் சுத்தியலோடு மரத்தடிக்கு வருவது தெரிந்தது. மெஷின் அடித்தது. அவள் திரும்பிப் போனாள்.

உண்மையைச் சொன்னேன். "கெட்டுப் போகும் தம்பி. அடுத்த வருஷத்தோட சரி."

"அப்ப புதுசுதான்" என்று பிரபு போனில் படத்தைக் காட்டினார். அழகான வெள்ளைப் பெட்டி. வருஷம் நான்கு இலக்கத்தில் மின்னியது.

என்னிடம் மிச்சம் இருந்தது பழைய ஆயுதம் ஒன்றுதான், பயமுறுத்தல். "இதுக்கு ரெண்டாயிரத்து முப்பத்தெட்டு பிரச்சினை இருக்கான்னு கேட்டீங்களா?"

சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பிரபு சிரிக்கவில்லை. அவர் என்ஜினியர், அவருக்கு விஷயம் தெரியும். சில சின்ன மெஷின்களுக்குள் இருக்கும் கடிகாரம் எழுபதாம் வருஷத்திலிருந்து விநாடிகளை எண்ணிக்கொண்டே வரும். 2038-ன் தொடக்கத்தில் அதற்கு மேல் எண்ண இடமிருக்காது. சட்டென்று 1901-க்குப் போய்விடும். அந்தப் பாழாய்ப்போன பழைய நூற்றாண்டுக்கே மறுபடியும்.

"எல்லாத்துலயும் இருக்காது மேடம். இப்ப வர்றதுல சரி பண்ணிட்டாங்க."

"கேட்டுடுங்களேன்."

என்னைச் சமாதானப்படுத்தவே அந்தப் பெட்டி விற்கிறவருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். கேள்வியைக் கேட்டார். அந்தப் பக்கம் யாரிடமோ விசாரிக்கும் சத்தம். பிறகு ஒரு உற்சாகமான குரல் வந்தது.

"சார், சரியாத் தெரியல சார். ஆனா கவலையே படாதீங்க. முப்பத்தெட்டு வரைக்கும் இந்த மெஷின் எங்க சார் இருக்கப் போவுது?"

பிரபு என்னைப் பார்த்தார். நான் டீ டம்ளரைப் பார்த்தேன். அந்த வார்த்தையை நான் அவரிடம் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

போனை வைத்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை கிளார்க் எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும் மேடம். மெஷின் புதுசு வாங்கறேன். ஆனா தனம் அக்கா இருக்கட்டும். முப்பத்தெட்டு வரைக்கும் ஸ்டாண்ட்பை" என்றார்.

வெளியே வந்து தனத்திடம் சொன்னேன். அவள் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"முப்பத்தெட்டுல எனக்கு ஐம்பத்தெட்டு ஆயிடும் மிஸ். ரிட்டயர்டு ஆவுற வயசு." பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நான் பேருக்கு மரத்தில் தொங்கிய தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்னொரு கிண்ணம்

புது மெஷின் மாட்டிய அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பழையதை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். இப்போது என் கடையில் கலர் பிரிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தொண்ணூற்றெட்டில் நிம்மதியாகக் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறது.

புதுப் பெட்டிக்குக் கற்பூரம் காட்டினார்கள். பிரபு தேங்காய் உடைத்தார். தனம் சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் வந்து, பெட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், பொட்டு எந்த எடத்துல வைக்கட்டும்?"

நான் பிரபுவைப் பார்த்தேன். அவர் வேகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"வருஷத்து மேலயே வை தனம்" என்றேன். "இதுல நாலு எழுத்து இருக்கு. கொஞ்சம் பெரிசா வை."